நீ தவறவிடாத மாத்திரை

ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை கடையநல்லூரில் சுகந்தி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நீ சொன்ன ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். பெண்ணைக் கொடுக்கப் போகிற மனுசன், கேட்கத் தயங்கித் தயங்கிக் கடைசியில் கேட்டுவிட்டார். "தப்பா நினைக்கக் கூடாது மாப்ள. பெத்தவன் கேட்டுத்தான ஆகணும். இந்தக் கிட்னி எத்தன வருசம் ஓடும்?" நீ கொஞ்சமும் முகம் கோணாமல் அவருக்குப் பதில் சொன்னாய். "இத்தன வருசம்னு யாராலயும் சொல்ல முடியாது மாமா. பத்து வருசமும் ஓடும், இருபதும் ஓடும். ஒரே ஒரு தடவ என் அஜாக்கிரதையால கெடுக்கப் பாத்தேன். மாத்திரைய ஒழுங்கா போடல. அதுல கொஞ்சம் பவர் போயிட்டு. அதுக்கப்புறம் ஒரு வேள கூடத் தவறுனது இல்ல." அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "மறைக்காமச் சொன்னீங்க பாத்தீங்களா, அது போதும் எனக்கு" என்றார். சுகந்தி உன்னைப் பெருமையாகப் பார்த்தாள். உன் அப்பா தலையை ஆட்டினார். நான் என் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்னது நடந்தது அல்ல. உனக்கு அது தெரியாது. ஏழு வருடமாக நீ உன் தவறு என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒன்று உன் தவறே இல்லை. அதைச் செய்தவள் நான். போனில் சொல்லலாம் என்று திங்கட்கிழமை காலையிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டேன். நீ "என்னம்மா?" என்று கேட்டதும் சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால்தான் நடுவில் நிறுத்தாமல் சொல்ல முடியும் என்று தெரிந்துபோயிற்று.

எங்கே தொடங்குவது என்று பார்க்கிறேன். பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்தில் உன் கால் வீங்கியதிலிருந்து தொடங்குகிறேன். செருப்பு பத்தவில்லை என்று நீ சொன்னபோது, வளர்கிற பிள்ளை என்று நான் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்து, இரண்டு கிட்னியும் சுருங்கிப் போய்விட்டது என்றார்கள். எட்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். உனக்கு அடுத்த கட்டிலில் புளியங்குடி மாரியப்பன் இருப்பான். எலுமிச்சை மண்டியில் வேலை பார்த்தவன். நீயும் அவனும் ஒரு செல்போனில் ஆளுக்கொரு காதில் வயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பீர்கள். உனக்கும் எனக்கும் ரத்தப் பிரிவு ஒன்று. மதுரையில் எல்லாப் பரிசோதனையும் முடித்து, என் இடது கிட்னியை உனக்கு வைத்தார்கள். மூன்றாம் நாள் நான் நடந்து வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்தேன். உன் கட்டிலுக்குக் கீழே தொங்கின பையில் மூத்திரம் நிறைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து ஒருத்தி அழுவாளா? நான் அழுதேன்.

அதற்குப் பிறகு நம் தெருவில் நான் வேறு ஆளாகிப்போனேன். அதுவரைக்கும் அங்கன்வாடி டீச்சர். அதன்பின் பிள்ளைக்குக் கிட்னி கொடுத்த டீச்சர். பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார்கள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தறி செட்டில் உன் அப்பாவிடம் ஆட்கள் என்னைப் பற்றி மரியாதையாக விசாரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் வாயை மூடிக்கொண்டதற்கு இது ஒரு பெரிய காரணம்.

உன் மாத்திரைகளைப் பற்றி டாக்டர் எங்களுக்கு விவரமாகத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டினேனே தவிர, புரிந்துகொள்ளவில்லை. அவை கிட்னிக்குச் சத்துக் கொடுக்கிற மாத்திரைகள் என்றுதான் என் மனதில் பதிந்தது. உன் எதிர்ப்பு சக்தி குறையும், கூட்டத்துக்குள் விடாதீர்கள், உயிருள்ள தடுப்பு மருந்து எதுவும் போடக் கூடாது என்றதை மட்டும் பிடித்துக்கொண்டேன். சொட்டு மருந்து கொடுத்த நாளில் குளித்துத் துணி மாற்றாமல் உன் பக்கத்தில் வர மாட்டேன். ஆடித்தபசுக்கு ஊரே திரண்டபோது உன்னை வாசலைத் தாண்ட விடவில்லை. உன் முகம் வீங்கி உருண்டையானது. டம்ளரைப் பிடிக்கும்போது உன் விரல் நடுங்கியது. இந்த மாத்திரைகள் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமாக்குகின்றன என்று எனக்குள் ஒரு எண்ணம் ஊறிக்கொண்டே இருந்தது.

உனக்குக் கிட்னி வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாரியப்பனும் அவன் அக்கா கொடுத்த கிட்னியோடு நன்றாக இருந்தான். மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் காளான் கிருமி பிடித்துவிட்டது என்றார்கள். பதினோரு நாளில் போய்விட்டான். கூட்டத்துக்குள் விடக் கூடாது என்று உன்னை அழைத்துப் போகாமல் நானும் அப்பாவும் மட்டும் புளியங்குடி போனோம். அவன் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "எதிர்ப்பு சக்தி இல்லாமப் போச்சும்மா. கிட்னி நல்லாத்தான் இருந்துச்சு. எதிர்ப்பு சக்தி இல்லாமப் போச்சு."

அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இருபது வருடமாக நான் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தை அது. தடுப்பூசி போடுங்கள், கீரை கொடுங்கள், பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி வரும் என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் சொந்தப் பிள்ளைக்கு அது இல்லை. ஊரில் வீட்டுக்கு ஒரு காய்ச்சல். அடுத்த வாரமே பஸ் ஸ்டாண்டு பக்கம் மூலிகைப் பொடி விற்கிற ஒருவரிடம் நானாகப் போய் நின்றேன். அவர் என்னை ஏமாற்றவில்லை. பிள்ளைக்கு என்ன நோய் என்று அவர் கேட்டார். "நோய் ஒண்ணுமில்ல, சவலையா இருக்கான், எதிர்ப்பு சக்தி கூடணும்" என்று பொய் சொன்னவள் நான். கலந்த பொடி ஒரு பொட்டலம் கொடுத்தார். அதில் என்னென்ன இருந்தது என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

காலையில் உனக்குக் கொடுக்கிற சத்துமாவுக் கஞ்சியில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி. இரண்டாம் நாளே நீ கேட்டாய். "எம்மா, கஞ்சி ஏன் கசக்கு?" நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "வெந்தயம் போட்டிருக்கேன், வயித்துக்கு நல்லது. குடி மக்கா" என்றேன். நீ ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்து மீதியையும் குடித்தாய். இருபத்தைந்து நாள் குடித்தாய். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. நான் சந்தோசமாக இருந்தேன்.

அந்த மாதச் செக்கப்புக்கு மூன்று பேரும் ரயிலில் மதுரை போனோம். ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும் என்று காலை மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவாயே, அன்றைக்கும் அப்படித்தான் வந்தாய். மத்தியானம் ரிசல்ட் வந்தது. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் கூடுகிற கிரியாட்டினின், எப்போதும் ஒன்றை ஒட்டி நிற்பது, இரண்டரை ஆகியிருந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. டாக்டர் உன்னை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, உண்மையச் சொல்லு. மாத்திரை எத்தனை நாள் விட்ட?"

"ஒரு நாள்கூட விடல சார்."

"பேப்பர் அப்படிச் சொல்லலியே."

நீ மறுபடியும் இல்லை என்றாய். மூன்றாம் முறையும் இல்லை என்றாய். அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நாட்டு மருந்து, பொடி, லேகியம், கஷாயம்னு ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லீங்க சார்" என்றேன்.

ஐயா, அந்த இடத்தை நான் எத்தனை முறை திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. கேள்வி நேராக வந்தது. பதில் என் வாயில் இருந்தது. ஒரு பொடியா இவ்வளவு செய்துவிடும் என்று ஒரு நினைப்பு. உன் அப்பா பக்கத்தில் நிற்கிறாரே என்று ஒரு பயம். அதையெல்லாம் விட, கிட்னி கொடுத்த அம்மாவே அதைக் கெடுத்தாள் என்று அந்த அறையில் எழுதப்பட்டுவிடும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். அந்த நொடி ஏழு வருடமாகிவிட்டது.

வெளியே வந்ததும் வராண்டாவில் அத்தனை பேர் முன்னால் உன் அப்பா உன்னை அறைந்தார். உனக்கு அப்போது இருபத்தொரு வயது. "ஏலே, உங்கம்மா வயித்தக் கிழிச்சுக் குடுத்திருக்கா. ஒனக்கு ஒரு மாத்திரைய முழுங்க வலிக்கோ?" என்றார். "எப்பா, சத்தியமா ஒரு வேள கூட விடலப்பா" என்று நீ சொன்னாய். அழவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய், நான் ஏதாவது சொல்வேன் என்று. நான் உன் அப்பா கையைப் பிடித்து, "விடுங்க, ஆஸ்பத்திரியில வச்சு என்ன இது" என்று மட்டும் சொன்னேன்.

அன்றைக்கே உன்னைச் சேர்த்தார்கள். ஊசி போட்டுக் கிட்னியிலிருந்து சதை எடுத்துப் பார்த்து, உடம்பு கிட்னியை எதிர்க்க ஆரம்பித்துவிட்டது என்றார்கள். மூன்று நாள் ஸ்டீராய்டு மருந்து நரம்பில் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் நீ தூங்கும்போது, மாற்றுக் கிட்னி நோயாளிகளைக் கவனிக்கிற சிஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்னப் பெண். நான் எதையும் ஒத்துக்கொள்ளாமல், "அந்த மாத்திரை கிட்னிக்கு அவ்வளவு அவசியமா?" என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"மாத்திரை கிட்னிக்கு இல்லம்மா" என்றாள். "உங்க பையனோட வெள்ளை அணுக்களுக்கு."

பிறகு பொறுமையாகச் சொன்னாள். ரத்தத்தில் டி அணுக்கள் என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறதாம். உடம்புக்குள் இருப்பது எல்லாம் தன்னுடையதா என்று பார்த்துக்கொண்டே சுற்றுவது அதன் வேலையாம். தன்னுடையது இல்லை என்று கண்டுகொண்டால், தன்னைப் போலப் பல்லாயிரம் அணுக்களைப் பெருக்கிக்கொண்டு தாக்கும். கிருமியையும் அப்படித்தான் தாக்கும். வைத்த கிட்னியையும் அப்படித்தான் தாக்கும். உனக்குக் கொடுக்கிற மூன்றில் டாக்ரோலிமஸ் என்கிற மாத்திரை, தாக்கு என்று அந்த அணுவுக்குள் எழுகிற உத்தரவை நடுவிலேயே நிறுத்துகிறது. இரண்டாவது மாத்திரை அந்த அணுக்கள் பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. மூன்றாவதான ஸ்டீராய்டு மொத்தக் கொந்தளிப்பையும் அடக்குகிறது. "அணுவை எல்லாம் அழிக்கிறதில்லம்மா, அடக்கி வைக்கிது. மருந்து குறைஞ்சா எந்திரிச்சிரும். ரொம்பக் கூடினா கிருமி உள்ள வந்துரும். இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறதுக்குத்தான் மாசா மாசம் ரத்தம் எடுக்கிறோம்."

"நான் பெத்த பிள்ளம்மா அவன். என் கிட்னி எப்படி அவனுக்கு அந்நியமாகும்?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட இருந்து பாதிதான் அவனுக்குப் போயிருக்கு. மீதிப் பாதி அவங்க அப்பாகிட்ட வாங்கினது. உங்ககிட்ட இருந்து அவன் வாங்காத பாதியும் அந்தக் கிட்னியில இருக்குல்ல? அது அந்த அணுவுக்கு யாரோ. அதுக்கு அம்மான்னு தெரியாது."

மாரியப்பனுக்குக் குறைந்துபோனதும், உனக்குக் கூடிவிடக் கூடாததும் ஒன்றுதான் என்பது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது. உன் உடம்பில் எதைக் கூட்ட நான் பொடி தேடிப் போனேனோ, அதை அடக்கி வைத்துத்தான் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். சில மூலிகைகள் ஈரலைத் தூண்டி, மருந்து ரத்தத்தில் நிற்காமல் சீக்கிரம் வெளியேறும்படி செய்துவிடும் என்றும் அவள் சொன்னாள். எனக்கு வியர்த்துவிட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தண்ணி குடிக்கீங்களாம்மா?" என்று கேட்டாள். வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கிரியாட்டினின் இறங்கியது, ஆனால் ஒன்றே முக்காலில் நின்றுவிட்டது. மாத்திரை அளவு கூடியது. ஒருமுறை அடையாளம் கண்டுகொண்ட அணு மறக்காது என்றார்கள்.

நான் உனக்குச் செய்ததில் பெரியது பொடி இல்லை. திரும்பி வந்த ரயிலில் நடந்ததுதான் பெரியது. ராஜபாளையம் தாண்டியிருந்தது. அப்பா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். நீ என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, மெல்லச் சொன்னாய். "எம்மா, யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஏதோ ஒருநாள் ரெண்டு நாள் மறந்திருப்பேன் போல. இல்லாட்டா எப்படிக் கொறையும்? நீ குடுத்தத நான் பத்திரமா வச்சுக்கிடல. மன்னிச்சிரும்மா." நான் உன் தலையைத் தடவினேன். "சரி விடு ஐயா. இனிமே மறக்காத" என்றேன்.

உன்னை மன்னித்தேன், மகனே. நான் செய்ததற்கு உன்னை மன்னித்தேன். நீ அதை நன்றியோடு வாங்கிக்கொண்டாய். அந்த மன்னிப்பு என்னிடமிருந்து உனக்கு வந்திருக்கவே கூடாது. அதை இன்றைக்கு நீ தூக்கி எறிந்துவிடு.

அதன்பின் நீ எப்படி வாழ்ந்தாய் என்று நான் கூடவே இருந்து பார்த்தேன். செல்போனில் நாலு அலாரம் வைத்தாய். காலண்டரில் ஒவ்வொரு வேளையும் பேனாவால் கோடு போட்டாய். எட்டு மாதம், மாத்திரையை விழுங்கிவிட்டு அப்பா முன்னால் வாயைத் திறந்து காட்டினாய். சென்னையில் கிடைத்த வேலைக்கு, "ஒன்ன நம்பி எப்படிலே அனுப்ப?" என்று அப்பா சொன்னதும் வாதாடாமல் விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் வேலை கிடைக்கும் வரை இரண்டு வருடம் வீட்டில் இருந்தாய். நீ உன்னையே நம்பாத ஆளாக மாறினாய். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை வந்து இழுத்துப் பார்ப்பாயே, அது உன் பிறவிக் குணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ சுகந்தியின் அப்பாவிடம் பேசியதற்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, அப்பாவிடம் கூடச் சொல்லாமல், தனியாக மதுரைக்குப் போனேன். அதே டாக்டர்தான். தலை நரைத்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். உன் பழைய ஃபைலை எடுத்துவரச் சொல்லி, பக்கத்தைத் தேடிப் பிடித்தார். ஆங்கிலத்தில் ஒரு வரி. மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்ளாதவர் என்று அதற்கு அர்த்தமாம். "என் கையெழுத்துத்தான்" என்றார். "அவன் மூணு தடவை இல்லன்னு சொன்னான். நான் நம்பல."

பிறகு அவர் சொன்னது எனக்கு அதுவரை தெரியாத விஷயம். "என்னைக்காவது இந்தக் கிட்னி நின்னுபோய் இன்னொண்ணு வைக்கணும்னு வந்தா, முதல்ல பாக்குறது இதைத்தாம்மா. குடுத்ததை ஒழுங்கா வச்சுக்கிட்டவனான்னு." அந்தப் பொடிதான் காரணம் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மருந்தின் அளவு அப்படி விழுந்ததற்கு அதைவிடப் பொருத்தமான காரணம் தனக்குத் தெரியவில்லை என்றார். பழைய வரியை அடிக்கவில்லை, அப்படி அடிக்கக் கூடாதாம். அதற்குக் கீழே நான் சொன்னதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். என்னையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி ஃபைலில் சேர்த்துக்கொண்டார். அதன் நகல் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. உன் கையில் இருக்கட்டும்.

புதன்கிழமை காலை உன் அப்பாவிடம் சொன்னேன். "என்னட்டி சொல்லுத?" என்று இரண்டு முறை கேட்டார். அன்று தறி செட்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் நான் காபி கொண்டுபோனபோது, "அவன வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்தனே, ஏட்டி. நாக்கத் தூக்குலேன்னு சொல்லிப் பாத்தனே" என்று சொல்லிவிட்டு அழுதார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சுகந்தியிடம் நீ சொல்வதா, நான் சொல்வதா என்று நீயே முடிவுசெய். கடையநல்லூர் வந்து அவள் அப்பா முன்னால் நானே சொல்லத் தயாராக இருக்கிறேன். அவரும் வீட்டாரும் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதை நீ யோசிக்காதே. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் உன் மாத்திரைகளின் பெயரையும், எது எதற்கு என்பதையும் சொல்லிவை. புதிதாக எதையாவது அவள் ஆசையாகச் செய்து கொடுத்தாலும், இது என்ன என்று கேட்க வெட்கப்படாதே. கேட்பதால் அன்பு குறைந்துவிடாது. உன் மேல் உயிரையே வைத்திருந்த ஒருத்திதான் கேட்காமல் கொடுத்தாள்.

தபாலில் அனுப்பலாம் என்றிருந்தேன். உன் அப்பா விடவில்லை. "எழுதிக் குடு, நான் கொண்டுபோறேன். எனக்கும் அவன்கிட்டச் சொல்லணும்லா" என்று இன்று கோயம்புத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பி, சட்டை மாற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். என்ன சொல்வது என்று அவருக்கும் தெரியாது. உன் முன்னால் நின்று வார்த்தை வராமல் தடுமாறுவார். குறுக்கே பேசாமல் அவரைச் சொல்லவிடு. உன்னை எனக்குத் தெரியும். அவர் கண் கலங்கினதுமே, "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிடுவாய். எனக்கு போன் போட்டு, "பரவாயில்லம்மா" என்பாய். சொல்லாதே, ஐயா. உனக்குக் கோபம் வர வேண்டும். வரட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். நீ என்னோடு பேசாமல் இருக்கிற நாளெல்லாம், உன் மேல் தப்பில்லை என்று உனக்குத் தெரிந்த நாள் என்று நினைத்துக்கொண்டு நான் இங்கே இருப்பேன்.

உன் அம்மா